பழைய மோட்டார் வண்டியின் விலை

பொருள் பழையதாக ஆக அதன் விலை குறையும் என்பது உலகியல். புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியை மறுநாளே விற்கப் போனாலும் கொடுத்த விலை கிடைப்பதில்லை. பத்தாண்டு ஓடிய வண்டிக்குத் தரகர் பாதி விலையும் சொல்வதில்லை. மேலும் சில ஆண்டுகள் சென்றால் அஃது எடை போட்டு விற்கும் பழைய இரும்பாகிவிடுகிறது. ஆயினும் சில வண்டிகள் இவ்வளவு தூரம் இறங்கிய பின்னர், புதிதாக இருந்தபோது பெற்ற விலையைக் காட்டிலும் பன்மடங்கு ஏறி நிற்கின்றன. இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டில் பாண்டியாக் நிறுவனத்தார் நடுத்தர உருவமுள்ள ஒரு காரில், பெரிய கார்களுக்கென்று செய்யப்பட்ட எட்டு உருளை எந்திரத்தைப் பொருத்தி விற்றனர். 'ஜி.டி.ஓ.' என்று பெயர் பெற்ற இவ்வமைப்புக்கு அவர்கள் அதிகமாகக் கேட்டது சுமார் 300 டாலரே. குறைந்த விலையில் மிகுந்த வேகம் கிடைக்கவே இளைஞர் கூட்டம் அதனை நாடியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இத்தகைய வண்டிகளை அந்நாட்டார் 'தசைவலிக் கார்கள்' என்னும் பொருள்பட அழைத்தனர். இவற்றின் காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. 1970ஆம் ஆண்டின் காற்றுத் தூய்மைச் சட்டம், ஏறிக்கொண்டே போன காப்புறுதிக் கட்டணம், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றின் கதையை முடித்தன. எண்ணெய் குடிக்கும் அவ்வண்டிகளை அன்று வேண்டுவார் இல்லை.

1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'புல்லிட்' என்னும் திரைப்படத்தில் ஓடிய மஸ்டாங் காரை 1974ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தார் 6,000 டாலருக்கு வாங்கினர். அக்குடும்பத் தலைவி பள்ளி ஆசிரியை. அவர் அக்காரிலேயே பள்ளிக்குச் சென்று வந்தார். பின்னர் அது பழுதுற்றுப் பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. 2020ஆம் ஆண்டு சனவரி மாதம் நடந்த ஏலத்தில் அதன் மீது கேட்கப்பட்ட இறுதி விலை 34 லட்சம் டாலர்! கணக்கிட்டுப் பாருங்கள். நாற்பத்தாறு ஆண்டுகளில் விலை 560 மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் பொது விலைவாசி ஏறியது சுமார் ஐந்து மடங்கே. ஆகவே, பணத்தின் மதிப்புக் குறைந்ததால் மட்டும் இவ்வேற்றம் நிகழவில்லை என்பது தெளிவு.

எனின், காரணம் யாது? முதலாவது, அருமை. மஸ்டாங் கார்கள் விற்பனைக்கு வந்த முதல் ஆண்டிலேயே 4 லட்சத்திற்கு மேல் விற்றன; ஆதலின் பொதுவாக ஒரு மஸ்டாங் பெருவிலை பெறுவதில்லை. ஆனால் 1971ஆம் ஆண்டின் பிளிமத் 'ஹெமி குடா' வகையில் மேற்கூரை மடக்கும் கார்கள் பதினொன்றே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இரண்டாவது, நினைவு. பதினெட்டு வயதில் ஒரு காரைக் கண்டு ஏங்கியவன், ஐம்பது வயதில் கையில் பொருள் சேர்ந்ததும் அதனைத் தேடுகிறான். அவன் வாங்குவது தன் இளமையை. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஒரு தலைமுறையின் ஏக்கம் ஏற்றிய விலை, அத்தலைமுறை மறையுங்கால் இறங்கவும் கூடும். பழைய வண்டி வாங்குவதை வங்கியில் பணம் போடுவது போல் எண்ணலாகாது.

மூன்றாவது, சான்று. வண்டியின் அடிச்சட்டத்திலும் எந்திரத்திலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்ந்தவையே என்று காட்ட முடிந்தால் விலை ஏறும். எந்திரம் மாற்றப்பட்டிருந்தால் விலை வீழும். மேலே சொன்ன மஸ்டாங் பளபளப்பாக்கப்படாமல், பழைய வண்ணமும் கீறலுமாகவே ஏலத்திற்கு வந்தது. அக்கீறல்களே அதன் உண்மைக்குச் சாட்சியாயின. விலை மிகும் இடத்தில் வஞ்சகமும் புகும். எண்ணை அழித்து வேறு எண் பொறிப்பது குற்றம். ஆதலின் பத்திரங்களைப் படித்தறிந்து ஒப்பிடும் அறிவு இவ்வாணிபத்தில் பணத்தைவிட முக்கியமானது.

நம் நாட்டுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய முன்வராத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்னும் கொள்கை 1953இல் உருவானபின் அமெரிக்க நிறுவனங்கள் விலகின. எனவே 1964க்குப் பிந்தைய அமெரிக்க வண்டிகள் இங்கு அரியவை. நமக்கு வாய்த்தவை உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயின் பிரீமியர் பத்மினி, சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே. நம் மக்களின் நினைவு இவற்றைச் சுற்றியே வளர்ந்தது. பழைய வண்டிகளின் வரலாற்றைக் கண்ணாரக் காண விரும்பும் மாணவர், 2015இல் கோயம்புத்தூரில் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்திற்குச் சென்று வரலாம்.

சட்டமும் இப்போது இதற்கு இடம் தந்துள்ளது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகள் கடந்த, சொந்த உபயோகத்திற்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். அடிச்சட்டம், மேற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கலாகாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; பதிவு பத்தாண்டு செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கும் வாணிபத்திற்கும் ஆகாது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட ஓர் அக்கறை உண்டு. எந்திரமும் சக்கரமும் கொண்ட வெறும் சட்டமாக நாமக்கல்லுக்கு வந்து சேரும் லாரிக்குக் கூண்டும் மேற்கட்டும் அமைத்து, வண்ணந் தீட்டி, முழு வண்டியாக்கி அனுப்புபவர் நம் பட்டறைத் தொழிலாளரே. தகட்டைத் தட்டி வளைப்பவர், மரம் இழைப்பவர், பற்றவைப்பவர், லேத்தில் உறுப்புக் கடைபவர் ஆகியோரின் கைத்திறனே பழைய காருக்கும் உயிர் தருவது. உறுப்புகள் கடையில் கிடைக்காத வண்டிக்கு அவற்றை ஒவ்வொன்றாகச் செய்துதான் பொருத்த வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே முழுதாக வரும் லாரிகள் பெருகிவரும் இந்நாளில், இத்திறன் வேறு வேலையின்றி மங்கிவிடும் அச்சமும் இருக்கிறது. பழைய வண்டிகளைச் செப்பனிடுதல் அனைவருக்கும் வேலை தந்துவிடாது. ஆயினும் நுண்ணிய கை படைத்த சிலரேனும் தம் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க அது வழி வகுக்கும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ வேப்பமரத்தடியிலோ பாட்டனார் ஓட்டிய வண்டி ஒன்று துருவேறிக் கிடக்கலாம். அதனை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் பதிவுப் புத்தகத்தையும், வாங்கிய ரசீதையும், வரி கட்டிய சீட்டுகளையும் பெட்டியில் தேடி எடுங்கள். பொறிக்கப்பட்ட எண்களைப் படித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவ்வண்டியை நன்கறிந்த பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். அது பெருவிலை பெறாமலே போகலாம். ஆயினும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அறிந்து முடிவு செய்தவர்கள் ஆவீர்கள்.