ஆடிக் காற்றும் பங்குனிப் புழுக்கமும்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறவர்கள் சுரண்டை, ஊத்துமலைப் பக்கமாக வந்தால், காற்றாலைகள் மும்முரமாகச் சுழல்வதைக் காணலாம். அதே வழியில் பங்குனியில் போய்ப் பாருங்கள். பல ஆலைகள் அசையாமல் நிற்கும். வீடுகளில் மின்விசிறிகளுக்கோ ஓய்வே இராது!

காற்று பாதியாகக் குறைந்தால் மின்சாரமும் பாதிதானே குறையும் என்று நினைக்கிறீர்களா? காற்றின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அதோடு, வேகம் கூடக்கூட ஒரு வினாடியில் இறக்கைகளைக் கடக்கும் காற்றின் நிறையும் கூடுகிறது. ஆகவே கிடைக்கும் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 5 மீட்டராகத் தளர்ந்தால், திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். சுமார் 3 மீட்டருக்குக் கீழே போனால் ஆலை மின்சாரமே தராது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அது நல்ல காற்றில் கிடைக்கக்கூடிய அளவு. அன்றாடம் கைக்கு வருவதன்று.

'ஓரிடத்தில் ஓய்ந்தால் வேறோரிடத்தில் வீசுமே, கம்பி இழுத்து இணைத்துவிட்டால் போதாதா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். சில மணி நேர ஏற்ற இறக்கத்தை இணைப்பு ஓரளவு சரிக்கட்டும். ஆனால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய மூன்று கணவாய்களிலும் நுழைவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. குஜராத்தின் காற்றாலைகளுக்கும் அதுவே முக்கியப் பருவம். ஒன்றாய்ச் சுழல்பவை ஒன்றாய்த் தளர்ந்தும் போகின்றன.

2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்தியங்கத் தொடங்கியது. ஆடியில் மிஞ்சுவதை வடக்கே அனுப்ப இது பெரிய உதவி. ஆனால் தேவை ஆடிவரை காத்திருப்பதில்லையே! 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது சித்திரை மாதம். தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

என் கருத்தில், காற்றுக்குச் சரியான துணை இன்னொரு ஊர்க் காற்று அல்ல, வெயில். பங்குனி, சித்திரையில் அதற்குப் பஞ்சமில்லை. இரவுக்கு என்ன செய்வது? ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழேயுள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். அதன் திறன் 400 மெகாவாட். அன்றைய 20,830 மெகாவாட்டில் இது எத்தனை சதவீதம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.