முகாமுக்குத் தரும் நன்கொடை: ரசீதோடு முடியாத கணக்கு

கோவில்பட்டிப் பக்கம் காதுகுத்து, கல்யாணம் என்றால் வாசலில் மொய் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை. மூன்றையும் எழுதாமல் ஒரு ரூபாய்கூட பெட்டிக்குள் போகாது. பத்து வருஷம் கழித்துப் புரட்டினாலும் யார் எவ்வளவு செய்தார் என்று சொல்லிவிடலாம். ஆக, கணக்கு எழுதுறது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை.

ஆனால் அகதிகளுக்கு என்று வரும் உதவிப் பணத்தில் இந்த மூன்று விவரம் மட்டும் போதாது. இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. எதுக்காகக் கொடுத்தது? அதுக்குத்தான் செலவாச்சா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதி வைக்காத அமைப்புக்கு அடுத்த தவணை வராது. தவணை வராமல் போனால் முதலில் நிற்பது அலுவலக வாடகை இல்லை. முகாமில் நடக்கும் மாலை நேர வகுப்பும் தையல் பயிற்சியும்தான்.

நன்கொடை தர நினைப்பவர்கள், சிறு அறக்கட்டளை நடத்துபவர்கள், தன்னார்வலர்கள், முகாமில் வாழும் குடும்பங்கள் என எல்லோருக்கும் இந்த விவரம் பயன்படும்.

யாருக்கு, என்ன உதவி?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு, 2012 வரை பல கட்டங்களாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். 2021 நிலவரப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். நம் கரிசல் பூமியில் எட்டயபுரம் அருகே தாப்பாத்தியிலும் ஒரு முகாம் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் முதலமைச்சர் ரூ.317 கோடி மதிப்பிலான திட்டங்களை அறிவித்தார். 7,469 புதிய வீடுகள் அதில் முக்கியமானது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, குழந்தைகளுக்கு ரூ.500 என உயர்ந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது.

இதை ஏன் சொல்கிறோம்? உதவித் திட்டம் போடும்போது, அரசு ஏற்கெனவே தருவது என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முகாமுக்குள் வேலை செய்ய அரசின் அனுமதியும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இரண்டுக்கும் வழி தெரியும். அரிசி கிடைக்கிற வீட்டுக்கு மறுபடியும் அரிசி மூட்டை இறக்குவதைவிட, கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் பஸ் செலவு பெரிய உதவியாக இருக்கலாம். முகாம் மக்களிடமே உட்கார்ந்து கேட்டால் இது புரிந்துவிடும்.

மூன்று வழிப் பணம், மூன்று வித விதி

தொண்டு அமைப்புக்கு வரும் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. மூன்றுக்கும் விதிகள் வேறு.

முதல் வழி, உள்ளூர் நன்கொடை. நம்மைப் போன்றவர்கள் ஜிபேயிலோ காசோலையிலோ தருவது. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அதனால் வங்கி வழியாகத் தருவதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

இரண்டாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணத்தைப் பெற்று வேலை செய்யும் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே போனது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டியிருப்பதால், அவர்கள் கணக்கைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். அது அவர்கள் மேல் உள்ள சட்டக் கடமை.

மூன்றாவது, வெளிநாட்டு நன்கொடை. இதற்கு 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்க முடியாது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

2020-ல் வந்த திருத்தம் மூன்று விஷயங்களை மாற்றியது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது.

இந்தக் கடைசி விதி சிற்றூர் அமைப்புகளுக்கு முக்கியம். முன்பெல்லாம் சென்னையில் உள்ள பெரிய அமைப்பு நிதி வாங்கி, பதிவு பெற்ற உள்ளூர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இப்போது முடியாது. பெரிய அமைப்பே தன் ஆட்களை வைத்து நேரடியாக வேலை செய்ய வேண்டும். அல்லது உள்ளூர் அமைப்பு தானே பதிவு பெற வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டுச் செயல்பாடும், அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது ரூ.15 லட்சம் சமூகப் பணிக்குச் செலவிட்ட கணக்கும் காட்ட வேண்டும்.

பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: "துபாயில் இருக்கிற எங்க அண்ணன் பணம் அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையா?" அண்ணன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இல்லை. அவர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், தமிழராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். கனடாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் முகாம் மக்களுக்காக அமைப்புகளுக்குப் பணம் அனுப்ப நினைக்கும் ஈழத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்தக் குடும்பத்துக்கு உறவினர் அனுப்பும் பணத்துக்கான விதி வேறு. அமைப்புக்கு அனுப்பும் பணத்துக்கான விதி வேறு.

விதைக்கு வச்சதைத் தொடலாமா?

மானாவாரி விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் விதைக்கு என்று எடுத்து வைத்த சோளம் உலைக்குப் போகாது. குறிப்பிட்ட வேலைக்கு என்று வந்த மானியமும் அப்படித்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். முகாம் பிள்ளைகளுக்கு ஒரு வருட மாலை வகுப்புக்காக ஒரு அறக்கட்டளைக்கு ரூ.6 லட்சம் கிடைக்கிறது:

• மூன்று ஆசிரியர்களுக்கு மாதம் ரூ.9,000 வீதம் 12 மாதம்: ரூ.3,24,000
• நோட்டு, புத்தகம், பலகை: ரூ.96,000
• மாலைச் சுண்டல், பால்: ரூ.1,20,000
• மின்விளக்கு, சிறு பழுது: ரூ.30,000
• நிர்வாகச் செலவு: ரூ.30,000

பணம் இரண்டு தவணை. முதலில் ரூ.3,60,000, அதன் கணக்கு ஒப்படைத்த பிறகு ரூ.2,40,000.

ஐப்பசி மழையில் வகுப்பு நடக்கும் அறையின் கூரை ஒழுகுகிறது. சரிசெய்ய ரூ.40,000 ஆகும். பழுதுக்கான தலைப்பில் அவ்வளவு இல்லை. சுண்டல் தலைப்பிலிருந்து எடுத்துக் கூரை போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம்தான், யாரும் ஒரு ரூபாய் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆடிட்டர் பார்க்கும்போது சுண்டலுக்கு ரூ.40,000 குறைகிறது, பழுதுக்குக் கூடுகிறது, நடுவில் ஒரு கடிதமும் இல்லை. விளக்கம் கேட்டு, பதில் போய், திரும்ப வருவதற்குள் மாதங்கள் ஓடும். அதுவரை இரண்டாம் தவணை நிற்கும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. பொதுத்தேர்வு நெருங்கும்போது வகுப்பு மூடிக் கிடக்கும்.

வழி என்ன? கூரையை போட்டோ எடுத்து, கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கி, "இந்தத் தலைப்பிலிருந்து இவ்வளவு மாற்ற அனுமதி வேண்டும்" என்று செலவுக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நியாயமான காரணத்துக்கு நன்கொடையாளர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பதில் எழுத்தில் வேண்டும். போனில் "சரி, செய்யுங்க" என்று சொன்னது தணிக்கையில் நிற்காது.

கணக்கில் இருக்க வேண்டியவை

• ஒவ்வொரு மானியத்துக்கும் தனிப் பேரேடு. வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் உள்நாட்டுப் பணத்தைப் போடவே கூடாது, இது சட்டம்.
• ஒவ்வொரு செலவுக்கும் பில், வவுச்சர், வாங்கியவர் கையெழுத்து. ஒரே ஆள் வாங்கி, அவரே ஒப்புதல் தந்து, அவரே பணமும் கொடுக்கக் கூடாது.
• வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியில் வரும் வட்டியும் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கிலேயே சேரும்.
• அரிசி, சேலை, போர்வை என்று பொருளாக வந்தால் இருப்புப் பதிவேடு. வந்தது எவ்வளவு, போனது யாருக்கு, மீதி எவ்வளவு.
• ஆண்டறிக்கை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்பு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்.சி-4 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வருடம் பணமே வராவிட்டாலும் 'இல்லை' என்று தாக்கல் செய்தே ஆகணும்.

பெரிய அளவிலும் இதே ஒழுங்குதான். 2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், அத்தியாவசிய மருந்துகள் அனுப்ப முன்வந்தது. சட்டமன்றத்தில் தீர்மானம், ஒன்றிய அரசின் ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகே கப்பல்கள் கிளம்பின. ஒன்று ஜூன் மாதம் நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து போனது. மாநில அரசு என்றாலும் வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப அனுமதியும் பொருள் பட்டியலும் தேவைப்பட்டன.

போட்டோவும் ஒரு கணக்குதான்

நன்கொடையாளருக்கு ஆதாரம் காட்ட பயனாளிகள் பட்டியல், படம் எல்லாம் அனுப்புகிறோம். இங்கே கவனம் வேண்டும். போர் துரத்தி ஊரை விட்டு வந்தவர்கள் இவர்கள். இலங்கையில் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

சம்மதம் கேட்டே படம் எடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன குடும்பத்துக்கும் அதே உதவி கிடைக்க வேண்டும். அறிக்கைக்கு எண்ணிக்கையும் கையெழுத்துப் பட்டியலும் போதும். அந்தப் பட்டியல் அலுவலகப் பீரோவில் இருக்கட்டும். கேமரா பக்கம் திரும்பி ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு பேர் பிடித்து நிற்கும் படம் கணக்குக்கு எந்த வலுவும் சேர்க்காது.

முகாம் மக்களை வாங்குபவர்களாக மட்டும் பார்க்க வேண்டியதும் இல்லை. 1984-ல் ஈழ அகதிகளே தொடங்கிய அமைப்பு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அந்த அமைப்பின் தன்னார்வலர்கள் போனார்கள். உங்கள் திட்டத்தின் செலவுப் பட்டியலை முகாம் குழுவிடம் தமிழில் ஒரு பக்கமாகக் கொடுங்கள். என்ன வந்தது, என்ன போனது என்று அவர்களே பார்க்கட்டும். அதைவிட நல்ல கண்காணிப்பு இல்லை.

கொடுப்பதற்கு முன் போனில் பாருங்கள்

1. அமைப்பின் பெயரை மத்திய அரசின் என்.ஜி.ஓ. தர்ப்பண் தளத்தில் தேடுங்கள். பதிவு எண் இருக்கும்.
2. வெளிநாட்டுப் பணம் கேட்டால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எண்ணையும், அது செல்லும் காலத்தையும் கேளுங்கள். தணிக்கை செய்த வெளிநாட்டு நன்கொடைக் கணக்கை இணையத்தில் வெளியிடுவது அவர்கள் கடமை.
3. கியூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.
4. எந்த வேலைக்குத் தருகிறீர்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். 'பொது நிதி' என்று தருவதும் நல்லதே. கூரை ஒழுகும் நாளில் அமைப்புக்குக் கைகொடுப்பது அந்தப் பணம்தான்.
5. ஆறு மாதம் கழித்து ஒரு போன் போட்டு, "என்னாச்சு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முகாம்களுக்கான அரசு உதவி பற்றிய குறைகளை திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகத் தரலாம். 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரி உதவி மையத்தை அழைக்கலாம். தொண்டு அமைப்பின் கணக்கில் சந்தேகம் என்றால் முதலில் அந்த அமைப்பிடமே எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காக எழுதி வைத்த அமைப்புக்குப் பதில் சொல்ல ஒரு நாள் போதும்.