உயிர்போல் வேடமிடும் உப்புகள்

புகைப்படத் தொழில் நடத்திய ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர் ராபேல் எடுவார்ட் லீசெகாங். ஜெலட்டினும் வெள்ளி உப்பும் அவருக்கு வீட்டுச் சரக்கு. 1896-ல், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டினைக் கண்ணாடித் தட்டில் மெல்லப் பரப்பி, உறைந்ததும் நடுவில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். இரண்டும் சேர்ந்தால் வெள்ளி டைகுரோமேட் வீழ்படிவாகும். சொட்டைச் சுற்றி அது ஒரே திட்டாகப் படரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

படரவில்லை. ஒரு வளையம், பிறகு வெறுமை, பிறகு இன்னொரு வளையம். வெளியே போகப்போக இடைவெளியும் அகன்றது.

அடுத்த ஆண்டே வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் ஒரு விளக்கம் தந்தார். இரு உப்புகளும் சந்தித்த உடனே வீழ்படிவு உண்டாவதில்லை. செறிவு ஓர் எல்லையைத் தாண்டும்வரை கரைசல் பொறுத்திருக்கும். தாண்டியதும் படிவு சட்டென இறங்கி, அக்கம்பக்கத்து டைகுரோமேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். வறண்டுபோன அந்தப் பகுதியை வெள்ளி கடந்து போனால்தான் அடுத்த வளையம். 1923-ல் யப்ல்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் இதில் ஓர் ஒழுங்கைக் காட்டினார்: நடுவிலிருந்து ஒரு வளையத்தின் தூரத்தை முந்தைய வளையத்தின் தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். ஆனால், வெளியே போகப்போக வளையங்கள் நெருங்கும் கலவைகளும் உண்டு. ஆஸ்ட்வால்ட் சொன்னதோடு கதை முடியவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

இதெல்லாம் ஆய்வுக்கூட வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. மனித உடலிலும் இந்த வளையங்கள் தோன்றுகின்றன, குறிப்பாகச் சிறுநீரக நீர்க்கட்டிகளில். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அவற்றை ராட்சதச் சிறுநீரகப் புழு என்றோ அதன் முட்டை என்றோ எண்ணி ஏமாந்ததுண்டு. மனிதரை அந்தப் புழு தொற்றுவதே மிக அரிது என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய ஏமாற்று பாறையில் காத்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாரவூனா பகுதியில், ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் இருப்பதாக அமெரிக்காவின் வில்லியம் ஷோஃப் 1993-ல் விவரித்திருந்தார். ஸ்பெயின் நாட்டு கார்சியா-ரூயிஸ் குழு 2003-ல் எந்த உயிரும் இல்லாமலே அதே தோற்றத்தை வரவழைத்தது. காரத்தன்மையுள்ள சிலிக்கா கரைசலில் பேரியம் கார்பனேட் படியும்போது முறுக்கிய இழைகள் தாமாக வளர்ந்தன. அவற்றில் கரிமச் சேர்மங்களைப் படியவைத்துச் சூடாக்கினால், புதைபடிவத்திலிருந்து பிரித்தறிவது கடினம்.

ஷோஃப் ஓயவில்லை. 2017-ல், தான் விவரித்த புதைபடிவங்களின் கார்பன் ஐசோடோப் விகிதங்களைத் தனித்தனியே அளந்து, உயிர்தான் என்று மீண்டும் வாதிட்டார். எதிர்த்தரப்பு இன்னும் இறங்கி வரவில்லை.