சிறு பையும் நெடும்பயணமும்

கப்பலேறி அயல்நாடு சென்ற காலத்தில் பயணம் என்றவுடன் மக்கள் மனத்தில் முதலில் தோன்றியவை பெட்டிகளே. செல்வர் ஒருவர் புறப்பட்டால், பட்டையடித்த பெரும்பெட்டிகள் ஐந்தாறு அவருக்கு முன்னே துறைமுகம் சென்று சேரும். அவற்றுள் சில, 'வழியில் தேவையில்லை' என்று சீட்டு ஒட்டப்பெற்றுக் கப்பலின் அடித்தளத்தில் இறக்கப்படும். இறங்கும் ஊர்தோறும் அவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூலியாளுக்குப் பணம் தருதல் வேண்டும். சுங்க அதிகாரியின் முன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுதல் வேண்டும். பெட்டிக்கு உடையவர் நாளடைவில் பெட்டிக்குக் காவலராகி விடுவார். பார்க்கச் சென்ற ஊரைப் பார்க்க அவருக்கு நேரம் வாய்ப்பதும் அரிதாகும்.

அத்தகைய காலத்தில், 1889-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், நெல்லி பிளை என்னும் இருபத்தைந்து வயது அமெரிக்கப் பெண்மணி, நியூயார்க்கிற்கு எதிர்க்கரையில் உள்ள ஹோபோக்கன் துறையில் கப்பல் ஏறினார். அவர் 'வோர்ல்டு' என்னும் நாளிதழின் செய்தியாளர். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் தம் புதினத்தில் கற்பனையாகக் கூறிய எண்பது நாளுக்குள் உலகத்தை உண்மையாகவே சுற்றி வருவது அவரது நோக்கம். இக்கருத்தை அவர் முதன்முதல் வெளியிட்டபோது, இதழின் மேலாளர் இசையவில்லை. பெண் ஒருத்திக்குத் துணை வேண்டும் என்றும், அவள் கொண்டு செல்லும் பெட்டிகளின் மிகுதியால் ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற இயலாது என்றும் அவர் தடை கூறினார். ஆகவே நெல்லி பிளைக்குப் பெட்டி வெறும் பெட்டியாக இருக்கவில்லை. அதன் அளவைப் பொறுத்தே அவர் செல்வதும் செல்லாமையும் அமைந்தன.

அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கைப்பை. அதன் அகலம் 16 அங்குலம். உயரம் 7 அங்குலம். மாற்று உள்ளாடைகள், கைக்குட்டைகள், தொப்பி, முகத்திரை, செருப்பு, ஊசி நூல், மைக்கூடு, எழுதுகோல், தாள், நீர் அருந்தும் குவளை ஆகியவை அதனுள் அடங்கின. வெப்ப நாடுகளில் உடுப்பதற்கென ஒரு மெல்லிய உடையும் வைத்துக்கொள்ள விரும்பினார். அது பையில் நுழையவில்லை, விட்டுவிட்டார். ஓர் உடையை உடுத்தவாறே, மேலங்கி ஒன்றைக் கையிலே கொண்டு உலகம் சுற்றினார். முகப்பூச்சுக் குப்பி ஒன்றை மட்டும் விட மனம் வராமல் எடுத்துச் சென்றார். பையில் மிகுதியான இடத்தை அடைத்ததும், மூடும்போதெல்லாம் தொல்லை கொடுத்ததும் அக்குப்பியே என்று அவர் பின்னர் எழுதினார். ஹாங்காங்கில் விருந்து ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, அதற்கேற்ற உடை இல்லையே என்று சிறிது வருந்தியதுண்டு. ஆனால், பெட்டிகளைக் கட்டிக் காக்கும் கவலையினின்று தப்பியதை எண்ணும்போது அவ்விருந்தின் இழப்பு மிகச் சிறிது என்பது அவரது கருத்து. 1890-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் அவர் திரும்பி வந்தார். சென்று மீண்ட காலம் 72 நாள், 6 மணி, 11 நிமிடம்.

இத்துணைச் சிறிய பையுடன் இரண்டரைத் திங்கள் தூய்மையாக இருந்தது எவ்வாறு? இதற்கு விடை அவரது நூலிலேயே உள்ளது. கீழ்த்திசைத் துறைமுகங்களில் சலவைத் தொழிலாளரிடம் துணியைக் கொடுத்தால், ஆறு மணி நேரத்தில் வெளுத்துத் தந்து விடுவர் என்றும், சொன்ன நேரத்தை அவர்கள் சிறிதும் தவறுவதில்லை என்றும் அவர் வியந்து எழுதியுள்ளார். கொழும்பில் அவர் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்திருந்தார். பின்னர்ப் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், யோக்கோகாமா என்று அவர் வழி சென்றது. அப்பயணத்தின் விரைவைப் பாராட்டுவோர் கப்பலையும் புகைவண்டியையும் கூறுவர். சலவைத் தொழிலாளரின் உழைப்பையும் அவற்றோடு சேர்த்துக் கூறுவதே முறை.

துணி விரைந்து திரும்பாவிடில் நேர்வது யாது என்பதைக் காந்தியடிகளின் வாழ்க்கை காட்டுகின்றது. அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்தபோது, சலவைக் கூலி மிகுந்தது. சலவையாளரோ குறித்த நாளில் துணியைக் கொண்டு வருவதில்லை. கழுத்துப் பட்டியை நாள்தோறும் மாற்ற வேண்டும். சட்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாளேனும் மாற்ற வேண்டும். ஆகவே இரண்டு மூன்று டசன் சட்டைகளும் பட்டிகளும் இருந்தும் அவருக்குப் போதவில்லை. இறுதியில் அவர் சலவைக்கு வேண்டிய கருவிகளை வாங்கினார், சலவைக் கலையைப் பற்றிய நூல் ஒன்றையும் வாங்கிப் படித்தார், கஸ்தூரிபாய்க்கும் கற்பித்தார். அவர் முதன்முதல் வெளுத்த கழுத்துப் பட்டியில் கஞ்சி மிகுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் சூடு போதவில்லை. அதை அணிந்து அவர் நீதிமன்றம் சென்றபோது பட்டியிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. உடன் இருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவர் அதற்காக வெட்கப்படவில்லை. காலப்போக்கில் அக்கலையில் தேர்ச்சியும் பெற்றார்.

இவ்விருவர் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒருவருக்கு எத்தனை உடை வேண்டும் என்பதைப் பயணத்தின் நாட்கணக்கு முடிவு செய்வதில்லை. கழற்றிய உடை தூய்மையாகி, உலர்ந்து, மீண்டும் கைக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதே முடிவு செய்கின்றது. ஆறு மணியில் வருமாயின் சிறு பை போதும். இரண்டு வாரம் ஆகுமாயின் மூன்று டசனும் போதாது. தம் கையாலேயே துவைத்துக்கொள்வோர்க்கு இக்காலம் இன்னும் குறையும். அவர்கள் காத்திருப்பது உலர்வதற்காக மட்டுமே. உடல்மேல் ஒன்று, கொடிமேல் ஒன்று, பையில் ஒன்று என மூன்று தொகுதி உடைகள் இருந்தால், பத்து நாளாயினும் பத்து வாரமாயினும் பையின் எடை ஒன்றே.

இனி, துணி உலரும் விரைவு அதன் இழையைப் பொறுத்தது. பருத்தி நீரை விரும்பும் இயல்புடையது. உலர்ந்தது என்று நாம் கருதும் நூறு கிராம் பருத்தித் துணியில்கூட ஏழெட்டுக் கிராம் ஈரம் காற்றிலிருந்து வந்து தங்கியிருக்கும். துவைக்கும்போது நீர் அதன் நூல்களுக்கு இடையில் மட்டுமன்றி, இழையின் உள்ளேயும் புகுந்துவிடுகின்றது; ஆகவே எளிதில் வெளிவருவதில்லை. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு வேதியியலார் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டறிந்த பாலியெஸ்டர் இழை இதற்கு நேர் மாறானது. அதனுள் நீர் பெரும்பாலும் புகுவதேயில்லை. நூல்களுக்கு இடையில் நிற்கும் நீர் வடிந்தால் போதும். இரவில் துவைத்துக் காலையில் உடுக்கலாம் என்று அவ்விழைச் சட்டைகள் விளம்பரம் பெற்றது இதனாலேயே. எனினும் அதற்கும் குறை உண்டு. நீரை விரும்பாத அவ்விழை எண்ணெய்ப் பசையை விரும்பிப் பற்றும். அதனால் வியர்வை நாற்றம் எளிதில் நீங்காது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி இரண்டின் நலத்தையும் ஓரளவு தருகின்றது.

கம்பளியின் செய்தி தனியானது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் அது கைக்கு ஈரமாகத் தோன்றாது. நாற்றமும் அதில் எளிதில் ஏறாது. குளிர் நாட்டில் மெல்லிய கம்பளிச் சட்டையைப் பல நாள் உடுத்தி, காற்றாட விட்டாலே போதும். அடிக்கடி துவைக்க வேண்டாத துணியும் ஒருவகையில் விரைவில் உலரும் துணியே.

துண்டைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பருத்தித் துணி எல்லாமே உலரத் தாமதிக்கும் என்று கருதுதல் தவறு. நம் நாட்டு ஈரிழைத் துண்டு பருத்தியே. ஆயினும் மெல்லியதாய் இருப்பதால் தடித்த பூந்துவாலையினும் மிக விரைவில் உலர்ந்துவிடும். பையிலும் கையளவு இடமே கொள்ளும். அதை விடுத்துப் பூந்துவாலையை அயல்நாட்டிற்குச் சுமந்து செல்வோர் பலர்.

அயல்நாட்டு விடுதி அறையில் துவைப்பது நம் வீட்டுக் கிணற்றடியில் துவைப்பது போன்றதன்று. அங்கே துவைகல் இல்லை. மேலை நாடுகள் பலவற்றில் குளியலறைத் தரையில் நீர் போவதற்கு வழியும் இல்லை. கொட்டிய நீர் கீழ்த்தளத்தின் கூரையில் கசிந்து வழக்காகி விடும். ஆகவே முகம் கழுவும் தொட்டியில் மிதமான வெந்நீர் விட்டு, சிறிதளவே சோப்பிட்டு, துணியைக் கால் மணி நேரம் ஊற வைத்துக் கசக்க வேண்டும். அடித்தலும் முறுக்கிப் பிழிதலும் வேண்டா. சோப்பு மிகுந்தால் அலசுவதற்கு நீரும் நேரமும் மிகும். எஞ்சிய சோப்பு உடலில் அரிப்பை உண்டாக்கும். நீரும் ஊருக்கு ஊர் வேறுபடும். சுண்ணாம்புப் பாறை நிலத்தின் நீரைப் பருகும் இலண்டன் மாநகரில் நீர் கடினமானது. அங்கே சோப்பு நுரைக்காமல் திரைந்து நிற்கும். ஏரி நீர் பெறும் கிளாஸ்கோ நகரில் சிறு துண்டுச் சோப்பும் பொங்கி நுரைக்கும். கடின நீர் உள்ள ஊரில் சலவைத்தூளே ஏற்றது.

அலசிய துணியை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் பாய்போலச் சுருட்டி, அச்சுருளை அழுத்த வேண்டும். காலால் மிதிப்பாரும் உண்டு. துணியிலுள்ள நீரில் பெரும் பகுதியைத் துண்டு வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு செயலால் உலரும் நேரம் பல மணி குறைகின்றது. பின்னர் மடிப்பின்றி, கையோடு கை ஒட்டாமல், காற்று ஊடே செல்லுமாறு தொங்க விடுதல் வேண்டும். மின்விளக்கின் மீதும் மின்கனலடுப்பின் மீதும் துணியைப் போடுதல் தீவிபத்துக்கு இடமாகும். எத்துணை அவசரமாயினும் அது கூடாது.

வெப்ப நாட்டில் விரைவாக உலரும், குளிர் நாட்டில் உலராது என்று எண்ணுவது இயல்பு. உண்மை பல நேரங்களில் மாறானது. சிங்கப்பூரில் வெப்பம் மிகுதி. ஆனால் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து நிற்கின்றது. அறையினுள் தொங்கும் சட்டை மறுநாளும் பிசுபிசுக்கும். மின்விசிறியை ஓட்டினாலன்றி அங்கே வழியில்லை. பனி பெய்யும் பெர்லினிலோ, 0 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும் ஆற்றல் உண்டு. அதே காற்று வீட்டினுள் வந்து 20 பாகைக்குச் சூடேறினால், 17 கிராம் வரை தாங்கும். உள்ளதோ ஐந்து, தாங்கக்கூடியதோ பதினேழு. அக்காற்று நீருக்காக ஏங்கி நிற்கின்றது என்னலாம். குளிர்காலத்தில் அந்நாட்டினரின் உதடு வெடிப்பதும் அறையில் தொங்கும் துணி ஒரே இரவில் உலர்வதும் ஒரே காரணத்தால்தான்.

கையால் துவைக்க விரும்பாதோர்க்குச் சலவைக் கூடங்கள் உள்ளன. நேரக் கணக்கில் வாடகை பெற்று மின் சலவை இயந்திரங்களைப் பொதுமக்கள் பயன்படுத்தத் தந்த கூடம் ஒன்று 1934-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் திறக்கப்பட்டது. இன்று அவை பல நாடுகளில் பரவியுள்ளன. ஜப்பானில் பயணிகள் தங்கும் நடுத்தர விடுதிகள் பலவற்றில் நாணயம் இட்டால் இயங்கும் இயந்திரங்கள் விடுதிக்குள்ளேயே இருக்கின்றன. மொழி அறியாதவர்க்கு ஆடையில் தைத்த சிறு துணிச்சீட்டு உதவும். 1963-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சில பாரிஸ் நகரில் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திச் சலவைக் குறிகளைப் பொதுவாக்கின. நீர்த்தொட்டியும் அதனுள் 40 என்னும் எண்ணும் இருந்தால், 40 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் ஆகாது. தொட்டியில் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்கலாம். சதுரத்தினுள் வட்டம் இருந்து, அதன்மேல் பெருக்கற்குறி இட்டிருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் இடலாகாது. நெடுங்காலம் தனிக் குறிகளை வழங்கிய ஜப்பானும் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு முறையைத் தழுவிய குறிகளுக்கு மாறியது.

சாயம் போகும் துணியைத் தனியே துவைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்கர் விரும்பி வாங்கிய கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணி, துவைக்குந்தோறும் சாயம் கசிந்தது. முதலில் வாங்கியவர் சினந்தனர். வணிகர்களோ, சாயம் கசிவதே அதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டனர். அத்தகைய சட்டையுடன் வெள்ளை வேட்டியை ஊற வைத்தவர்க்கு அச்சிறப்பு நன்கு விளங்கும்.

விமானப் பயணத்தில் எடை பணமாகின்றது. பல நிறுவனங்கள் கையில் கொண்டு செல்லும் பைக்கு 7 கிலோகிராம் என்று எல்லை வகுத்துள்ளன. சக்கரம் பொருத்திய பெரிய பெட்டியோ வெறுமையாகவே மூன்று நான்கு கிலோகிராம் இருக்கும். ஆதலின் மெல்லிய பையே சிறந்தது. கனத்த காலணியும் குளிர்ச்சட்டையும் பைக்குள் செல்லாமல் உடலில் இருத்தல் நன்று. 2006-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பின்னர், 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கலங்களில் நீர்ப்பொருளைக் கைப்பையில் கொண்டு செல்வதைப் பல நாடுகள் தடுத்தன. புதிய சோதனைக் கருவிகள் அமைந்த சில நிலையங்களில் மட்டும் அவ்விதி தளர்ந்துள்ளது. கட்டிச் சோப்புக்கு இத்தடை இல்லை. குளிக்கவும் துவைக்கவும் ஒரு கட்டியே உதவும்.

எந்த நாளில் துவைப்பது என்பதிலும் கருத்து வேண்டும். புறப்படும் நாளுக்கு முதல்நாள் இரவு துவைத்தவர், காலையில் கழுத்துப் பட்டியும் தையல் ஓரமும் ஈரமாக இருக்கக் கண்டு, வேறு வழியின்றி அதைப் பையில் திணிப்பர். மூடிய பையில் ஈரத்துணி ஒரு பகல் கிடந்தால் பூஞ்சை நாற்றம் ஏறி, அருகிலுள்ள உடைகளையும் பற்றும். ஆகவே பழகிய பயணிகள், ஓர் ஊரில் இரண்டு இரவேனும் தங்குவதாயின், வந்து இறங்கிய அன்று மாலையே, ஊர் பார்க்கப் புறப்படுமுன், துவைத்துக் கொடியில் போட்டு விடுவர்.