நாய்க்கும் குதிரைக்கும் இ.சி.ஜி.

1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஒரு நாயைப் பற்றிக் கேள்வி எழுந்தது. லண்டன் ராயல் சொசைட்டி நடத்திய நிகழ்ச்சி ஒன்றில், கழுத்தில் கூரிய ஆணிகள் பதித்த தோல்பட்டை கட்டி, கால்களைக் கண்ணாடி ஜாடிகளில் இருந்த கரைசலில் வைத்துக் கம்பிகளை இணைத்து ஒரு நாயை வதைத்தார்களாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கரைசல் என்பது வெறும் சாப்பாட்டு உப்பு கலந்த தண்ணீர்தான் என்றும், கேள்வி கேட்ட உறுப்பினர் கடலில் கால் நனைத்திருந்தால் அந்த உணர்வு அவருக்கே புரியும் என்றும், ஆணி எனப்பட்டவை பட்டையை அலங்கரித்த பித்தளைக் குமிழ்களே என்றும் உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் பதில் சொன்னார்.

அந்த நாயின் பெயர் ஜிம்மி; புல்டாக் இனம். அதன் எஜமானர் அகஸ்டஸ் வாலர் என்னும் உடலியல் அறிஞர். மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் வெளிப்புறத்திலிருந்தே 1887-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் இவர். ஆகவே இ.சி.ஜி.யின் தொடக்க காலத்திலேயே நாய்க்கு அதில் இடம் உண்டு.

உப்புத் தண்ணீர் எதற்கு? இதயத் தசை சுருங்குவதற்கு முன் அதன் வழியே ஒரு மின் மாற்றம் அலையாகப் பரவுகிறது. அலை கடந்த பகுதிக்கும் இன்னும் கடக்காத பகுதிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. உடலின் திரவங்கள் உப்புக் கரைசல்கள் ஆனதால் மின்சாரத்தைக் கடத்தும். எனவே அந்த வேறுபாட்டின் ஒரு சிறு பகுதி தோல் வரை வந்து சேருகிறது. நாயிடம் இது ஒன்று அல்லது இரண்டு மில்லி வோல்ட் இருக்கும். டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் 1500 மில்லி வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! ரோமமும் உலர்ந்த தோலும் இதைத் தடுத்துவிடும். வாலருக்கு உப்புத் தண்ணீர் செய்த வேலையை இன்று ஸ்பிரிட்டோ, பசை போன்ற ஜெல்லோ செய்கிறது. ஜாடிக்குப் பதில் பல் மழுங்கிய முதலைக் கிளிப்புகள்.

ஹாலந்தில் லைடன் நகரத்து ஐந்தோவன், வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு ஒரு நுண்ணிய கால்வனாமீட்டரை அமைத்தார். அதற்காக 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் லீட். வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே உள்ளது இரண்டாம் லீட். இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே உள்ளது மூன்றாம் லீட். முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வரவேண்டும். ஏன் என்பதை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பார்க்கலாம்; கிர்ச்சாஃப் விதிக்கு மேல் எதுவும் தேவையில்லை.

நாயை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, முன்னங்கால்களின் முழங்கை அருகிலும் பின்னங்கால்களின் முழங்கால் அருகிலும் கிளிப்புகளை மாட்டுவார்கள். கால்கள் இங்கே நீண்ட கம்பிகளைப் போன்றவையே. தாளில் முதலில் ஒரு சிறு மேடு தோன்றும். அது ஆரிக்கிள்களில் மின்னலை பரவுவதைக் காட்டும் பி அலை. சற்று இடைவெளிக்குப் பின் வென்ட்ரிக்கிள்களின் கூரிய கியூ, ஆர், எஸ் தொகுதி. கடைசியாக, வென்ட்ரிக்கிள்கள் பழைய மின்நிலைக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலை.

மருத்துவமனைக்கு வந்து மிரண்டிருக்கும் பூனையின் இதயம் நிமிடத்திற்கு 200 தடவை துடிப்பது சாதாரணம். ஒரு துடிப்புக்கு 0.3 நொடிதான். தாள் நொடிக்கு 25 மில்லி மீட்டர் ஓடினால் ஒரு துடிப்பு 7.5 மில்லி மீட்டருக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். அதனால் சிறு பிராணிகளுக்குத் தாளை 50 மில்லி மீட்டர் வேகத்தில் ஓட விடுவதே வழக்கம். அப்போது இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே உள்ள மில்லி மீட்டர் எண்ணிக்கையால் 3000-ஐ வகுத்தால் துடிப்பு வீதம் கிடைக்கும். ஒரு வேடிக்கையும் உண்டு. வரைகோட்டில் மில்லி மீட்டருக்கு ஓர் அலையாகச் சீரான நடுக்கம் தெரிந்தால் குற்றவாளி இதயமல்ல. சுவரில் ஓடும் 50 சுழற்சி மின்சாரம்! மேசை மீது ரப்பர் விரிப்பைப் போட்டு, கிளிப்புகளைச் சரிசெய்வார்கள். பூனை உறுமிக் குழைந்தாலும் கோடு நடுங்கும். அதற்கு ரப்பர் விரிப்பு உதவாது.

இதுவரை சொன்னதை அப்படியே குதிரைக்குப் பொருத்தினால் ஏமாந்து போவோம். வென்ட்ரிக்கிள்களுக்கு மின்னலையைக் கொண்டு செல்பவை பர்க்கின்ஜி இழைகள். நாயிலும் மனிதனிலும் இவை சுவரின் உள்பகுதியோடு நின்றுவிடுகின்றன. மின்னலை உள்ளிருந்து வெளியே, ஒரு மூலையில் பற்றிய வைக்கோல்போர் எரிவதைப் போல, ஒரு முகமாகப் பரவுகிறது. குதிரையிலும் மாட்டிலும் இழைகள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிப்புறத்திற்கு அருகில் வரை செல்கின்றன. போரில் நூறு இடங்களில் ஒரே சமயத்தில் தீ வைத்தாற்போல மின்னலைகள் எல்லாத் திசைகளிலும் கிளம்பி ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. எதிரெதிரான வெக்டர்களைக் கூட்டினால் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நாயைவிடப் பன்மடங்கு பெரிய இதயம் இருந்தும், கால்களில் கிளிப்பு மாட்டினால் குதிரையிடம் கிடைக்கும் அலைகள் பல சமயங்களில் சிறியவை. நாயின் இரண்டாம் லீடில் ஆர் அலை 3 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் இடது வென்ட்ரிக்கிள் பெருத்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். குதிரையில் அலையின் உயரத்தைக் கொண்டு இதயத்தின் பருமனை ஊகிக்க முடியாது.

அதனால் குதிரைக்கும் மாட்டுக்கும் ஒரு மின்வாயைக் கழுத்தின் வலப்பக்கப் பள்ளத்திலும், மற்றொன்றை இடது முழங்கைக்குப் பின்னால் மார்பிலும் வைக்கிறார்கள். இதயத்தின் நீளவாட்டில் எடுக்கும் இந்தப் பதிவில் அலைகள் தெளிவாக விழும். வென்ட்ரிக்கிள் அலை பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும், அது நோயல்ல.

நிமிடத்திற்கு 28 முதல் 40 தடவை துடிக்கும் ஓய்விலுள்ள குதிரையின் பதிவில் இன்னொரு விந்தையும் தென்படும். பி அலை வரும். அதன் பின் வரவேண்டிய தொகுதி வராது. ஒரு துடிப்பே காணாமற் போகும்! மனிதனின் பதிவில் இப்படிக் கண்டால் மருத்துவர் காரணத்தைத் தேடத் தொடங்குவார். நலமான குதிரையிலோ வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் ஓட விட்டால் துடிப்புகள் ஒழுங்காகிவிடும். ஓடிய பிறகும் விடுபட்டால்தான் கவலைப்பட வேண்டும். நாயின் இதயம் மூச்சை இழுக்கும்போது விரைந்தும் விடும்போது தயங்கியும் துடிப்பதும் இத்தகையதே.

இனி உயிருக்குப் போராடும் ஒரு பூனையைப் பார்ப்போம். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை நுண்ணிய படிகங்களால் அடைபடுவது உண்டு. வெளியேற வழியில்லாமல் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும். 200 தடவை துடிக்க வேண்டிய இதயம் 100-க்குக் கீழே இறங்கக் கூடும். வரைகோட்டில் பி அலை தேய்ந்து மறையும், டி அலை கூம்பாக எழும், தொகுதி அகன்றுபோகும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக நரம்பில் ஏற்றுகிறார். கண்கள் இ.சி.ஜி. திரையில் இருக்கும். பல பூனைகளில் சில நிமிடங்களில் பி அலை திரும்பி வரும். ஆனால் பொட்டாசியம் குறைந்துவிடவில்லை. இதயத்திற்குச் சிறிது நேரம் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. அதற்குள் அதைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்து அடைப்பையும் நீக்கியாக வேண்டும்.

இ.சி.ஜி. காட்டுவது மின்சாரத்தை மட்டுமே, பம்பு செய்யும் வலுவை அல்ல. இதயம் இரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்திய பிறகும் மின்னலைகள் சிறிது நேரம் தொடரக் கூடும். அறுவை மேசையில் மயக்கத்தில் கிடக்கும் நாயின் கோடு திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே, உதவியாளர் அதன் பின்தொடையின் உட்புறத்தில் விரலை வைத்து நாடி பார்ப்பது இதனால்தான்.