பட்ஜரிகர் கிளி
மெலோப்சிட்டகஸ் உண்டுலேட்டஸ் | ஆஸ்திரேலியா | நீளம்: சுமார் 18 செ.மீ.

நம் வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வளர்க்கப்படும் இச்சிறு கிளியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கு இதன் இயல்பு நிறம் பச்சை. முகம் மஞ்சள், முதுகில் கருவரிகள். நீலமும் வெள்ளையும் கூண்டு வளர்ப்பில் பெருக்கப்பட்டவை.

மழை பெய்து புல் விதை பிடித்திருக்கும் இடங்களைத் தேடி இவை கூட்டமாக இடம்பெயரும். நல்ல மழைக்காலத்துக்குப் பின் ஆயிரக்கணக்கில் திரண்டு, நீர்நிலைக்கு மேல் ஒருசேரத் திரும்பிப் பறப்பது இவ்வினத்தின் பேரழகு. யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடும்.

பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கூண்டிலும் எளிதாகக் குஞ்சு பொரித்ததால் இவை உலகெங்கும் பரவின.

அலகுக்கு மேல், மூக்குத்துளைகளைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள்: வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு.