மடிக்கணினியும் ஒரு குவளைத் தேநீரும்

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், எளிய மாணவர் பலரின் இல்லங்களிலும் மடிக்கணினி இடம்பெற்றது. அக்காளும் தம்பியும் ஒரே கணினியில் பயிலும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதன் விசைப்பலகை மீது தேநீர் கொட்டிவிட்டால் என் செய்வது? வேதியியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றைக் கூற விழைகிறேன்.

தண்ணீர் பட்டதால் கணினி கெட்டது என்கிறோம். உண்மையில், தண்ணீரும் மின்சாரமும் சேரும்போதே பெருங்கேடு விளைகிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய் நீரிலும் தேநீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் அயனிகள் மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும். விசைகளின் அடியில், மின்தடங்கள் அச்சிடப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் உள்ளன. அதற்கும் கீழே இருப்பது கணினியின் உயிர்நிலையான தாய்ப்பலகை. ஈரத்தோடு மின்சாரமும் இருப்பின், நம் ஆய்வுக்கூடத்தில் காணும் மின்னாற்பகுப்பு அங்கும் நிகழும். உலோகம் ஓரிடத்தில் கரைந்து வேறிடத்தில் படியும். சேரக்கூடாத தடங்கள் சேர்ந்துவிடும்.

ஆகவே முதற்பணி துடைப்பது அன்று, மின்சாரத்தைத் துண்டிப்பதே. உலர்ந்த கையால் சுவர் சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றுக. பிறகு கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து நிறுத்துக. பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாயின் எடுத்துவிடுக. பின்னர் மூடியை விரித்து, ஓட்டுக்கூரை போல், விசைகள் கீழ்நோக்க ஒரு துணிமேல் கவிழ்த்து வைக்கவும். தேநீர் தாய்ப்பலகைக்கு இறங்காமல் வந்த வழியே வடியும்.

எங்கள் விடுதி நண்பர் ஒருவர் மேலே துடைத்துவிட்டு, அரைமணியில் கணினியை இயக்கினார். அது இயங்கவே மகிழ்ந்தார். மூன்றாம் நாள் விசைகள் தாமாகவே எழுத்துகளை அடித்தன. ஒரு வாரத்தில் கணினி நின்றது. அவருடைய முதுகலை ஆய்வேட்டிற்கு வேறு பிரதி இல்லை. நீர் ஆவியாகும், சர்க்கரையும் உப்பும் ஆவியாகா. ஆதலால் ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்கும் ஆசையை விட்டொழித்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தூய்மை செய்விப்பதே நன்று. விசைப்பலகை மட்டும் கெட்டிருப்பின் அதனை மாற்றிவிடலாம். தாய்ப்பலகையும் கெட்டால் செலவு பன்மடங்கு.

அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கமும் பயனற்றது. உள்ளே படிந்த சர்க்கரையை அரிசி எடுக்காது. அதன் துகள்தான் உட்புகும். ஈரமான கைபேசியை அரிசியில் வைக்க வேண்டாமென 2024-இல் ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்தியது. வெப்பக்காற்றும் வேண்டாம்; பிளாஸ்டிக் தாள்கள் நெளிந்துவிடும்.

நண்பர்களே! வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. குவளையைக் கணினி இருக்கும் மேசையில் வைக்காதீர்கள். எழுதியவற்றை இன்றே ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். கணினியைப் பிறகும் வாங்கலாம். ஆறு மாத உழைப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.